சம்பந்தியோடு ஏற்காடு

நவம்பர் 17, ஞாயிறு

கீழ்த்தொட்டி மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமைதான் வருவானாம். தெருக்குழாயில் பிடித்து வைத்துச் சமாளித்தேன்.

காலையில் பெங்களூரிலிருந்து தினகர் வீடியோவில் அழைத்தான். பக்கத்தில் மருமகள் கிருத்திகா. இருவரும் குளித்து, நல்ல துணி உடுத்தி, ஸ்டுடியோவில் போட்டோ எடுக்க உட்கார்ந்தவர்கள் போல இருந்தார்கள். ஏதோ நல்ல சேதி என்று நினைத்து நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

பிரிந்துவிடப் போகிறார்களாம். அடிதடி இல்லை, நடுவில் வேறு ஆள் இல்லை, ரொம்ப நாள் பேசிப் பார்த்து எடுத்த முடிவு என்றான். "ரெண்டு பேரும் நல்லவங்கதாம்மா. ஒண்ணா இருந்தாத்தான் நல்லா இல்ல" என்றான். கடைசியில் கிருத்திகா, மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா அத்தை என்று கேட்டாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் பி.டி. டீச்சராகவே காலம் கழித்தவள் நான். பிள்ளைகள் விழுந்தவுடன் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. தானாக எழுகிறார்களா என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதனால் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

மதியம் ரசம் சாதம். பாதிதான் இறங்கியது.

நவம்பர் 18, திங்கள்

ராஜாமணி சம்பந்தியின் போன் வரவில்லை.

கிருத்திகாவின் அம்மா. நாமக்கல்லில் இருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் விளக்கு வைத்த பிறகு கூப்பிடுவார். என்ன குழம்பு என்பதில் ஆரம்பித்து, எதிர்வீட்டுக்காரர் எருமை வாங்கிய கதை வரைக்கும் போகும். நான் "ம்" கொட்டுவதோடு சரி. பெரிய விஷயம் எதுவும் பேசுவதில்லை. சும்மா குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. வீடுதான் சத்தமில்லாமல் இருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

போன் ஏன் வரவில்லை என்று தினகர் மூலம் தெரிந்தது. கிருத்திகாவின் அப்பா வையாபுரி, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், கோபமாக இருக்கிறாராம். இனி அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். வக்கீலும் அப்படித்தான் சொன்னாராம்.

நியாயம்தான். பெண்ணைப் பெற்றவர். சம்பந்தம் இல்லை என்று ஆன பிறகு சம்பந்தி எங்கிருந்து வரும்?

விளக்கு வைத்துவிட்டு டி.வி. போட்டேன். ஒரு தொடரில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தாமல் பார்த்தேன்.

ஜனவரி 6, திங்கள்

ஏற்காட்டிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. காப்பித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டும் ஒரு நாள் பயணத்துக்கு பிள்ளைகள் இருவர், ராஜாமணி, நான் என நான்கு பேர் பெயரும் பதிவாகியிருக்கிறதாம். ஜனவரி 25 சனிக்கிழமை. தொப்பியும் நல்ல செருப்பும் கொண்டுவர வேண்டுமாம்.

மறந்தே போயிருந்தேன். அக்டோபரில் கிருத்திகா ஏற்பாடு செய்தது. இரண்டு அம்மாக்களும் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருந்துகொண்டு ஒருநாள்கூட ஏற்காடு போனதில்லை என்றால் வெளியே சொல்லாதீர்கள் என்று கேலி செய்தாள். பழம் பறிப்பது முதல் காப்பி குடிப்பது வரை எல்லாம் காட்டுவார்கள் என்றாள். அக்டோபரில் அவளுக்கே எதுவும் முடிவாகத் தெரிந்திருக்காதோ, அல்லது தெரிந்துதான் செய்தாளோ.

ரத்து செய்யச் சொல்லித் தினகருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 7, செவ்வாய்

தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால், "சம்மந்தி, நானுங்க." மளிகைக் கடைக்காரர் போனாம். பின்னால் யாரோ உளுந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனக்கும் அதே செய்தி வந்தது என்றார். பிள்ளைகள் வரமாட்டார்கள், இரண்டு இடத்தை அவர்கள் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும், மீதி இரண்டு இடம் இருக்கிறதே என்றார். உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவரிடம், சேலத்தில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்வாராம்.

"கண்ணுக்கு என்ன?"

"கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. பொய்யி சொல்லத்தான் வரமாட்டேங்குது. நீங்க சரின்னு சொன்னா பழகிக்கறனுங்க."

வேண்டாம் என்று சொல்ல நிறையக் காரணங்கள் இருந்தன. ஆனால் காசு கொடுத்த இடம் வீணாகப் போகிறதே என்பதற்காகச் சரி என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்குத் தினகர் வந்துவிட்டுப் போனான். இளைத்திருக்கிறான். ஏற்காடு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை.

கான்வாஸ் ஷூவை எடுத்துத் துவைத்து வெயிலில் வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு போட்டதே இல்லை. இன்னும் காலுக்குச் சரியாக இருக்கிறது.

ஜனவரி 25, சனி

உட்கார்ந்து எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில் வேன் நின்றது. எனக்கு முன்னாலேயே ராஜாமணி வந்திருந்தார். பட்டுச்சேலை. கண் டாக்டரிடம் பட்டுச்சேலையில் போகிற பெண்மணியை அனுப்பிவைத்த வையாபுரியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. நான் ஷூ கயிற்றைக் குனிந்து கட்டினேன்.

வேனில் எங்கள் பிள்ளைகளின் இடத்தில் திருப்பூரிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் ஈரம் காயாதது போலப் பளிச்சென்று இருந்தது. ராஜாமணி அவளிடம் ஊர், பேர், என்ன சீர் என்று எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் மலை ஏற ஆரம்பித்துவிட்டது. வளைவுகள் வந்ததும் பேச்சு நின்றது. அவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாதாம். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்துகொண்டே கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துவிட்டார். மேலே போய்ச் சேரும்வரை நான் தோளை அசைக்கவில்லை. மரத்துப்போனது.

தோட்டத்தில் ஜெனிட்டா என்ற பெண் எங்களைக் கூட்டிப் போனாள். முப்பது வயதிருக்கும். நல்ல குரல். ஆனால் கூட்டத்தை வரிசையில் நடத்தத் தெரியவில்லை. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இரண்டு முறை நான் கையைத் தட்டியதும் எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். "இனிமே வாரா வாரம் வந்துருங்கம்மா" என்றாள்.

காப்பிச் செடியை நான் பார்த்ததே இல்லை. கொடி மாதிரி இருக்கும் என்று எதனாலோ நினைத்திருந்தேன். ஆள் உயரப் புதர். மேலே சில்வர் ஓக் மரங்கள் நிழல் கொடுக்கின்றன, அவற்றின்மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கிளை நெடுகச் செக்கச் சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. இடுப்பில் ஆளுக்கொரு கூடை கட்டிவிட்டார்கள். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும், காயைத் தொடக் கூடாது. ராஜாமணி காயும் பழமுமாக உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதற்கு, கொஞ்சம் காயும் கிடந்தால் கூடை சீக்கிரம் நிறையுமே என்றார். அவருடைய கூடையிலிருந்து காய்களை நான் பொறுக்கி எடுத்தேன். ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுப் பார்த்தோம். வழவழவென்று இனித்தது. காப்பி வாசனையே இல்லை.

வேலைக்காரப் பெண்கள் பக்கத்து வரிசையில் மளமளவென்று பறித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பறித்தது அவர்களில் ஒருத்தி பறித்ததற்கு வராது.

பிறகு பழத்தின் தோலை உரிக்கும் எந்திரம். விதைகளை ஊறவைக்கும் தொட்டி. புளித்த மாவு வாடை. சிமெண்டுத் தொட்டியின் ஓரமாக நின்றபோது ஜெனிட்டா எங்களிருவரையும் பார்த்து, நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் "சம்மந்திங்க" என்றோம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தோம்.

மதியச் சாப்பாடு இலையில். மிளகு போட்ட நாட்டுக்கோழி. ராஜாமணி சனிக்கிழமை கறி சாப்பிட மாட்டார். எனக்கு அள்ளி அள்ளி வைத்தார்.

சாப்பிட்ட பிறகு களத்துக்குப் போனோம். கழுவிய விதைகளை அங்கே வெயிலில் பரப்பியிருந்தார்கள். எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் காய்வதற்குக் கிளறிவிட வேண்டுமாம். விருப்பப்பட்டவர்களுக்கு மரப்பலகை வைத்த நீளக்கோல் கொடுத்தார்கள். நாங்களும் வாங்கிக்கொண்டோம். மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள்.

அங்கேதான் சொன்னார். கோலை இழுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

வையாபுரி போலீசில் புகார் கொடுக்கப் போகிறாராம். மாமியார் கொடுமை என்று. என் பெயரும் தினகர் பெயரும். கிருத்திகா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். ஆனாலும் பெற்றவர்கள் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். காசுக்காக இல்லை. ஊரில் எல்லோரும் உங்கள் பெண்ணுக்கு என்ன குறை, ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்கிறார்கள். குறை அவர்கள் பக்கம்தான் என்று எழுத்தில் இருந்துவிட்டால் பெண் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று அவர் நினைக்கிறார்.

"நீங்க எம்புள்ளயக் கொடுமப்படுத்துனீங்கன்னு நானும் சொல்லோணுமாமுங்க" என்றார்.

நான் கிளறுவதை நிறுத்தவில்லை. கோடு கோணாமல் வந்தது. களத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன்.

"இதச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டீங்களா?"

"இல்லீங்க சம்மந்தி. உங்களோட ஒரு நா இருந்துட்டு வரலாம்னுதான் கூப்பிட்டனுங்க. சொல்லாம இருந்தா, வந்ததே பொய்யாப் போயிருமில்லீங்களா."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

கோலை ஒரு முறை இழுத்து நிறுத்தினார். "அவரு பேச்ச மீறி எனக்குப் பழக்கமில்லீங்க" என்றார்.

கோலைச் சுவரில் சாத்திவிட்டு நான் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வறுப்பது, அரைப்பது எல்லாம் காட்டினார்கள். வறுக்கும்போதுதான் முதல் முறையாக வாசனை வந்தது. எல்லோரும் "ஆகா" என்றார்கள். பாலும் சர்க்கரையும் இல்லாமல் சின்னச் சின்னக் கோப்பைகளில் கொடுத்து, என்ன ருசி தெரிகிறது என்று ஜெனிட்டா ஒவ்வொருவராகக் கேட்டாள். ஆரஞ்சு என்றான் திருப்பூர்ப் பையன். சாக்லேட் என்றாள் அவன் மனைவி. என்னிடம் கேட்டபோது கசப்பு என்றேன். ராஜாமணி எந்த ருசியும் சொல்லவில்லை. மருந்து குடிப்பதுபோல ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவத் தண்ணீர் தேடினார்.

திரும்பும்போது நான் டிரைவர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தேன். மூட்டுக்கு அங்கேதான் வசதி.

டிரைவரின் கண்ணாடியில் பின்னால் இருப்பவர்கள் தெரிந்தார்கள். இறங்க ஆரம்பித்ததுமே ராஜாமணியின் முகம் வெளுத்துவிட்டது. தலையை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழம் என் பையில்தான் இருந்தது. திருப்பூர்ப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நல்ல பெண். ஆனால் அவளுக்குத் தடவத் தெரியவில்லை.

பாதி மலை இறங்கியதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓரச் சுவரில் சாய்ந்து அவர் வாந்தி எடுத்து முடிக்கும்வரை நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டுச்சேலை முந்தானையை என் இடுப்பில் செருகிக்கொண்டேன், பாழாகாமல் இருக்க. கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மீதி வழியெல்லாம் பின்னால் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், மறுபடி வாந்தி வந்தால் வண்டி அசிங்கமாகிவிடும்.

நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். "வர்றனுங்க" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

எப்போதும் போலத் தெருப் பிள்ளைகள் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். மூட்டு வலி என்று போகவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

வாசலில் பைக் நின்றால் எழுந்து பார்க்கிறேன். இன்று வந்தது கேஸ் கம்பெனி ஆள். அவன் காக்கிச் சட்டை போட்டிருந்ததால் குடிக்கத் தண்ணீர் கேட்டது முதலில் என் காதில் விழவில்லை.

என்ன கொடுமை செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் கிருத்திகா மொத்தமாக இரண்டு மாதம் என்னோடு இருந்திருப்பாள். காலையில் சீக்கிரம் எழுப்பியிருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதையெல்லாம் கேட்டால் என்ன எழுதிக்கொள்வார்களோ.

பிப்ரவரி 9, ஞாயிறு

தினகர் பேசினான். வையாபுரி அவனுக்குப் போன் செய்து கத்தினாராம். இந்த வாரம் வக்கீலோடு உட்காரப் போகிறார்களாம். பயப்படாதீர்கள் அம்மா என்று சொன்னான். அவன் குரல்தான் நடுங்கியது. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

ராஜாமணி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் வீடு, அவர் புருஷன். என்ன செய்ய முடியும் அவரால்?

பிப்ரவரி 12, புதன்

இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. ஒருத்திக்கு இவ்வளவு ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். போன். ராஜாமணியின் சொந்த எண்.

"என்னங்க சம்மந்தி கொழம்பு?" என்றார்.

திரியைத் தூண்டிவிட்டேன். கத்திரிக்காய் என்றேன்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். வெள்ளிக்கிழமை வக்கீல் வீட்டுக்கு வந்திருக்கிறார். பங்காளிகள் இரண்டு பேர். எல்லோருக்கும் இவர்தான் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். எழுதியதை வையாபுரி சத்தமாகப் படித்திருக்கிறார். என்னென்னவோ இருந்ததாம், நான் கிருத்திகாவைப் பட்டினி போட்டேன் என்றுகூட. படித்து முடித்துப் பேனாவை நீட்டினாராம்.

"நான் சொல்லிப்போட்டனுங்க. போன மாசம் நான் கண்ணு டாக்டருகிட்டப் போவுல, சம்மந்தியோட ஏற்காடு போனேன்னு. அவிய பெருசா என்ன பண்ணுனாங்கன்னு யாராச்சும் கேட்டா, நடு ரோட்டுல நான் வாந்தி எடுக்கறப்ப நெத்தியப் புடிச்சுக்கிட்டு நின்னாங்கன்னுதான் சொல்லுவேன்னுட்டேன். அதுவும் நான் அந்தச் சேதியச் சொன்ன பொறவுதான் புடிச்சாங்கன்னேன். நீங்க புகார் குடுங்க, அதே ஸ்டேசன்ல வந்து இது பொய்யின்னு நானே சொல்றேன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணுஞ் சொல்லுலீங்க. பேனாவ மூடிச் சட்ட ஜோப்புல வெச்சுக்கிட்டாரு. வக்கீலு எந்திரிச்சுப் போயிட்டாரு. ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்லைங்க."

அடித்தாரா என்று கேட்டேன். சேச்சே என்றார். போட்டால் சாப்பிடுகிறாராம், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுகிறாராம். இத்தனை வருடத்தில் தட்டைக் கழுவியதே இல்லையாம். "இப்பிடியே இன்னும் ரெண்டு மாசம் பேசாம இருந்தாருன்னா துணியும் தொவைக்கப் பழகிருவாருங்க" என்றார்.

சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எதிர்வீட்டு எருமை கன்று போட்டிருப்பதைச் சொன்னார்.

இன்று மூட்டு வலி குறைவு.

மார்ச் 10, திங்கள்

பெங்களூர் கோர்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்து மனு போட்டுவிட்டார்கள். ஐந்தாறு மாதம் ஆகுமாம். ஒரே ஆட்டோவில் போய்வந்தார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளை எனக்குப் புரியவில்லை.

மே 18, ஞாயிறு

நேற்று கிருத்திகா வந்திருந்தாள். அவளுடைய சர்டிபிகேட்டும் புத்தகங்களும் இங்கே மேல் அலமாரியில் இருந்தன. எடுத்துக்கொண்டு மாலையே கிளம்புகிறேன் என்றாள். மழை பிடித்துக்கொண்டதால் தங்கினாள். காலையில் ஐந்தரைக்கு அவளே எழுந்து ஷூ போட்டுக்கொண்டு, "அத்தை, நடக்கப் போலாமா?" என்றாள்.

போனோம். தினகரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்காடு எப்படி இருந்தது என்று கேட்டாள். காப்பி கசப்பு, மற்றபடி பரவாயில்லை என்றேன்.

பஸ் ஏறும்போது காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எழுந்திரு எழுந்திரு என்று அதட்டினேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பெங்களூரில் இன்று தீர்ப்பாகிவிட்டது. தினகர் சொன்னான். அவ்வளவுதான்.

விளக்கு வைத்த பிறகு ராஜாமணி கூப்பிட்டார். வழக்கம்போலச் "சம்மந்தி" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இனி அப்படிக் கூப்பிடலாங்களா?" என்று கேட்டார். வேறு என்னவென்று கூப்பிடுவீர்கள் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, வாய் பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலையில் வாசலில் கார் நின்றது. ராஜாமணி இறங்கி வந்தார். சேலத்தில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முடிந்து திரும்புகிற வழி. வையாபுரி காருக்குள்ளேயே இருந்தார். என்ஜினையும் அணைக்கவில்லை.

"அவரு வரமாட்டாருங்க. வாசல் வரைக்கும் ஓட்டியாந்ததே பெருசு" என்றார்.

சமையலறையில் நின்றபடியே பேசினோம். கல்யாணத்தில் அவர்களிடம் பெண்ணைப் பற்றிக் கேட்டார்களாம். பூனாவில் புது வேலையில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று வையாபுரியே பதில் சொன்னாராம். வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லையாம்.

காப்பி கலந்தேன். ராஜாமணிக்குக் கொடுத்துவிட்டு ஒரு டம்ளரைக் காருக்குக் கொண்டு போனேன். கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். நானும் நிற்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் நின்றது. வாசல் கேட்டின் கொக்கிச் சத்தம் கேட்டது. ராஜாமணி டம்ளரை வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தார். நான் இருக்கச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் காலி டம்ளரோடு நின்றிருந்தார். நரைத்திருந்தார். கல்யாண வீட்டுச் சந்தனம் நெற்றியில் காய்ந்திருந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டும் போகவில்லை.

"தம்பி நல்லா இருக்கறாருங்களா?" என்றார். முன்பெல்லாம் மாப்பிள்ளை என்பார்.

"இருக்கான். கிருத்திகா?"

"பாப்பா இருக்குதுங்க. தனியாச் சமைச்சுச் சாப்புடுது." சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து மறுபடி உள்ளே போட்டார். "டீச்சரம்மா, நான் ஒரு கோவத்துல…" என்று ஆரம்பித்தார்.

மைதானத்தில் பெரிய பையன்கள் அழ ஆரம்பிக்கும்போது நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். வேறு ஏதாவது வேலை சொல்லுவேன். "வெயிலா இருக்கு. உள்ள வந்து உட்காருங்க" என்றேன்.

கேட்டைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நிலைப்படியில் ராஜாமணி வந்து நின்றிருக்க வேண்டும், அந்தப் பக்கமும் ஒரு முறை பார்த்தார்.

"இன்னொரு நாளைக்கு வர்றனுங்க" என்றார்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. இருவரும் ஏறிய கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து மூன்று டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.